அரிசிக் களஞ்சியத்தின் சாவி
நெல் போன பாதை – 14

827-ஆம் ஆண்டின் முதல் மாதம். ஜப்பானியப் பேரரசர் ஜுன்னாவுக்கு உடல்நலம் கெட்டது. காரணம் அறிய அரண்மனையில் குறி பார்த்தார்கள். தலைநகருக்குத் தென்கிழக்கே இருந்த இனாரி மலையில் மரம் வெட்டியதால் வந்த வினை என்று விடை வந்தது. தோஜி என்னும் பௌத்த மடத்தில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரத்துக்காக அந்த மலையின் மரங்களை வெட்டி இழுத்துச் சென்றிருந்தார்கள். அரசவை பரிகாரம் தேடியது. அதிகாரிகளுக்குத் தரவரிசை கொடுப்பதைப் போலவே மலைத் தெய்வத்துக்கும் ஒரு தரம் கொடுத்தது: ஐந்தாம் தரத்தின் கீழ்ப்படி. அந்தப் படியில் ஏறிய தெய்வம் 942-ல் முதல் தரத்தின் உச்சியைத் தொட்டது.

தெய்வத்துக்குப் பதவி உயர்வா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். அரசவைக்கு அது நிர்வாகக் காரியம். ஊரார் தம்பாட்டில் கும்பிட்டுவந்த ஒரு நெல் தெய்வத்தை அரசு தன் ஏட்டில் சேர்த்துக்கொள்ளும் வழி அது.

சென்ற அத்தியாயத்தில் இசே ஆலயத்தில் பேரரசர் குலத்தின் நெல்லைப் பார்த்தோம். இந்த முறை கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி. நாடு முழுவதும் இருக்கும் சுமார் 30,000 இனாரி ஆலயங்களுக்குத் தலைமை இடம் இதுதான். இன்று இங்கே கூட்டம் கூட்டமாக வருகிறவர்களில் உழவர்கள் கொஞ்சம் பேர்தான். கடைக்காரர்களும் நிறுவனத் தலைவர்களும் வியாபாரம் செழிக்க வேண்டி வருகிறார்கள். நெல் தெய்வம் எப்போது வணிகத் தெய்வமானது? நகரங்கள் வளர்ந்தன, உழவு சுருங்கியது, தெய்வமும் தொழிலை மாற்றிக்கொண்டது என்று எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆலயத்தின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பதில் நிற்பதில்லை.

வில்லாளியும் வெள்ளைப் பறவையும்

கியோட்டோ நிலையத்தில் நாரா போகும் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. 1879-ல் திறந்த நிலையம் இது. அந்தக் காலத்து விளக்குகளை வைத்திருந்த செங்கல் அறை இன்னும் நிற்கிறது. வெளியே கால் வைத்தால் நேர் எதிரே ஆலயத்தின் முதல் தோரீ வாயில். பின்னால் 233 மீட்டர் உயரமுள்ள இனாரி மலை. மலை என்று சொன்னாலும் மூன்று சிகரங்கள் கொண்ட பெரிய குன்றுதான்.

மலையடிவாரத்தில் ஃபுகாகுசா என்ற பகுதி இருக்கிறது. இங்கே நடந்த அகழாய்வில் யாயோய் காலத்து உழவர் குடியிருப்பும் மரத்தாலான உழவுக் கருவிகளும் கிடைத்தன. ஆலயம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மலையின் காலடியில் நெல் விளைந்திருக்கிறது. வசந்தத்தில் மலைத் தெய்வம் இறங்கிவந்து வயல் தெய்வமாகும், அறுவடை முடிந்ததும் மலைக்கே திரும்பும் என்பது ஜப்பானிய உழவர்களின் பழைய நம்பிக்கை. மலையிலிருந்து தண்ணீர் வரும் ஊரில் இப்படி நம்புவதற்குத் தனியாகச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பகுதியைப் பிறகு கையில் எடுத்தவர்கள் ஹாதா குலத்தார். கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்; சீனத்தின் முதல் பேரரசரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். பட்டுப்புழு வளர்ப்பு, நெசவு, நீர்ப்பாசனம் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த தொழில்கள். கியோட்டோவின் மேற்கே கத்சுரா ஆற்றில் அணை கட்டி வயல்களுக்கு நீர் திருப்பினார்கள். 720-ல் முடிந்த ‘நிஹோன் ஷோகி’ வரலாற்று நூல், 6-ஆம் நூற்றாண்டில் ஹாதா மக்கள் 7,053 குடும்பங்கள் என்று கணக்குச் சொல்கிறது.

அதே நூலில் ஃபுகாகுசாவைச் சேர்ந்த ஹாதா நோ ஓத்சுச்சி என்பவரின் கதை வருகிறது. பேரரசர் கின்மேய் இளவரசராக இருந்தபோது அவர் கனவில் இந்தப் பெயர் வந்தது. ஆள் அனுப்பித் தேடிப் பிடித்து, உன் வாழ்வில் ஏதேனும் விசேஷம் நடந்ததா என்று கேட்டார்கள். இசேக்கு வியாபாரம் செய்யப் போய்த் திரும்பும் வழியில் இரண்டு ஓநாய்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்ததாகவும், அவற்றை விலக்கி, இரத்தத்தைத் துடைத்து அனுப்பியதாகவும் சொன்னார். பின்னாளில் அவர் அரசுக் கருவூலப் பொறுப்புக்கு வந்தார். கதையில் கொஞ்சம் கற்பனை இருக்கலாம். ஆனால் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது: இந்த மண்ணின் ஹாதா குலத்தார் ஆலயம் எழும்புவதற்கு முன்பே நெல்லும் விளைவித்தார்கள், தொலைதூர வியாபாரமும் செய்தார்கள், கருவூலமும் காத்தார்கள். கலப்பையும் தராசும் ஒரே வீட்டில் இருந்தன.

ஆலயம் தோன்றிய கதைக்கும் அந்த வீட்டு வாசனை உண்டு. யமஷிரோ நாட்டுப் புவியியல் ஏட்டின் மிச்சப் பகுதி ஒன்று அதைச் சொல்கிறது. ஹாதா நோ இரோகு பெரும் பணக்காரர். வீட்டில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது. அந்தச் செருக்கில், வேகவைத்த அரிசியை இடித்துச் செய்யும் மோச்சி உருண்டையை இலக்காக வைத்து அம்பு விட்டார். மோச்சி வெள்ளைப் பறவையாகிப் பறந்து மலைச் சிகரத்தில் இறங்கியது. இறங்கிய இடத்தில் நெல் முளைத்தது. அங்கே ஆலயம் எழுந்தது. ஆலய மரபு அந்த நாளை 711-ஆம் ஆண்டு இரண்டாம் மாதத்தின் முதல் குதிரை நாள் என்று குறிக்கிறது; நாட்களுக்கு விலங்குகளின் பெயரை முறைவைத்துச் சூட்டும் பழைய நாட்காட்டியில் குதிரைக்கு உரிய நாள் அது.

கியூஷு தீவின் புங்கோ நாட்டு ஏட்டிலும் இதே கதை உண்டு. அங்கேயும் வளமான உழவர்கள் மோச்சியை இலக்காக்கினார்கள், மோச்சி வெள்ளைப் பறவையாகிப் பறந்தது. ஆனால் அது திரும்பவில்லை. அந்த ஆண்டே மக்கள் செத்து மடிந்தார்கள், வயல்கள் தரிசாயின. ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்புகள். புங்கோவில் அரிசி கைவிட்டுப் போனது. இனாரியில் கைக்கு எட்டாத உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது, வேண்டுமானால் ஏறி வந்து கும்பிடு என்று.

இனாரிக் கதை அதோடு முடியவில்லை. இரோகுவின் வழித்தோன்றல்கள் முன்னோரின் தவற்றுக்கு வருந்தி, ஆலயத்து மரக்கன்றைப் பிடுங்கிக்கொண்டுபோய் வீட்டில் நட்டு வழிபட்டார்கள். கன்று தழைத்தால் நல்ல காலம், பட்டுப்போனால் இல்லை. இந்த வழக்கம் ஊரெங்கும் பரவியது. ஹெய்யான் காலத்தில் இனாரிக்குப் போனவர்கள் சுகி என்னும் மரத்தின் கிளையை ஒடித்துக்கொண்டு திரும்புவார்கள். இன்றும் பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாள் திருவிழாவில் சுகிக் கிளை செருகிய காப்புப் பொருளை ஆலயம் வழங்குகிறது.

ஏழு சுற்று ஏறிய பெண்

சுமார் 1000-ஆம் ஆண்டில் அரண்மனைப் பெண்மணி செய் ஷோனகோன் இந்த மலையில் ஏறினார். ‘தலையணைப் புத்தகம்’ என்ற தம் குறிப்புகளில், பார்த்துப் பொறாமைப்பட்ட விஷயங்களின் பட்டியலில் அதை எழுதியிருக்கிறார். குதிரை நாளன்று விடியலில் கிளம்பியும் பாதி மலையில் வெயில் ஏறிவிட்டது. மூச்சு வாங்கி, இந்த நாளில் எதற்கு வந்தோம் என்று கண்ணீர் விட்டு உட்கார்ந்திருக்கிறார். சாதாரண உடையை இழுத்துச் செருகிய பெண் ஒருத்தி கடகடவென்று இறங்கி வருகிறாள். நான் ஏழு சுற்று ஏறுவதாக வேண்டுதல், மூன்று முடித்தாகிவிட்டது, மிச்சம் நான்கு ஒன்றும் பெரிதில்லை என்று எதிரே வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். வேறு இடத்தில் பார்த்திருந்தால் கண்டுகொள்ளவே மாட்டேன், அந்த நேரத்தில் அவள் உடம்பு எனக்கு இருக்கக்கூடாதா என்றிருந்தது என்கிறார் ஷோனகோன். அரசவையின் உயர்தரம் பெற்ற பிறகும் மலை யாருடைய கால்களுக்குச் சொந்தமாக இருந்தது என்பதை இந்தச் சிறு குறிப்பு சொல்லிவிடுகிறது.

மரம் வெட்டிய தோஜி மடத்தோடு பகை நீடிக்கவில்லை. 823-ல் அந்த மடம் ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய கூக்காயிடம் வந்திருந்தது. நெற்கதிர்க் கட்டைத் தோளில் சுமந்த முதியவர் ஒருவர் மடத்து வாசலுக்கு வந்தார், அவர்தான் இனாரி என்று பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. இனாரி தோஜியின் காவல் தெய்வமானது. வசந்தகால இனாரித் திருவிழாவில் பல்லக்குகள் இன்றும் திரும்பும் வழியில் தோஜி வாசலில் நிற்கின்றன. பௌத்தத் துறவிகள் ஷிண்டோ தெய்வத்துக்குப் படையலிடுகிறார்கள்.

இந்த உறவின் வழியே இந்தியாவிலிருந்து ஒருத்தி உள்ளே வந்தாள். தாந்திரிக பௌத்தத்தோடு சீனம் வழியாகப் பயணப்பட்ட டாகினி, ஜப்பானில் தாகினிதென் ஆகி வெள்ளை நரி மேல் ஏறி வரும் தேவியானாள். இனாரியோடு அவள் ஒன்று கலந்தாள். நரிக்கு உள்ளூர்க் காரணமும் சொல்வார்கள்: வசந்தத்தில் மலையிலிருந்து வயலோரம் இறங்கிவரும், நெல் தின்னும் எலிகளைப் பிடிக்கும் என்று. இரண்டும் சேர்ந்தே நரிக்கு இந்த இடம் கிடைத்திருக்கும். ஆனால் நரி இங்கே தெய்வம் அன்று, தெய்வத்தின் தூதர் என்று ஆலயத்தார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஆலய முகப்பில் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் நரிச் சிலைகளின் வாயைப் பார்க்க வேண்டும். ஒன்று மணியைக் கவ்வியிருக்கிறது, இன்னொன்று சாவியை. வளாகத்தில் மற்ற நரிகளிடம் நெற்கதிரும் சுருளேடும் உண்டு. சாவி என்பது அரிசிக் களஞ்சியத்தின் சாவி என்பது வழக்கமான விளக்கம். களஞ்சியம் என்றால் உணவு மட்டும்தானா?

பத்தாயிரம் கோகு வேண்டுதல்

1468-ல் இந்த ஆலயம் எரிந்தது. கியோட்டோவையே சாம்பலாக்கிய ஓனின் போரில், கிழக்கு அணியின் கூலிக் காலாட்படைத் தலைவன் ஹோனெகாவா தோகென் இனாரியில் முகாமிட்டு மேற்கு அணிக்கு உணவு வரும் வழியை அடைத்தான். மேற்கு அணி படை திரட்டிக்கொண்டு வந்தது. பெண் வேடத்தில் பல்லக்கில் தப்ப முயன்ற தோகென் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். ஆலயம் தீக்கிரையானது. பௌத்தத் துறவிகள் வீடு வீடாக நன்கொடை திரட்டி முதன்மைச் சன்னிதியை மீண்டும் எழுப்ப 1499 வரை ஆயிற்று. இன்று நாம் வணங்கி நிற்பது அந்தச் சன்னிதி முன்புதான்.

அதற்கு முன்னால் நிற்கும் சிவப்பு மாடவாயில் இன்னொரு கதையைச் சொல்கிறது. நாட்டை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்த தோயோதோமி ஹிதேயோஷியின் தாயார் நோய்வாய்ப்பட்டார். தாய் பிழைத்தால் 10,000 கோகு தருகிறேன் என்று ஹிதேயோஷி இனாரிக்கு வேண்டுதல் எழுதிக் கொடுத்தார். தாயார் தேறினார். வாயில் எழுந்தது 1589-ல். வாயில் உண்மையிலேயே அந்தக் காலத்ததுதானா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1973-ல் பிரித்துப் பழுதுபார்த்தபோது மரத்தில் மையால் எழுதிய ஆண்டுக் குறிப்பு கிடைத்து, சந்தேகம் தீர்ந்தது.

இந்தக் கோகுவில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. ஒரு கோகு என்பது ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி. எடையில் 150 கிலோ அளவு. நம்மூர்க் கலம், மரக்கால் போல முகத்தல் அளவையாகத் தொடங்கியது. ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்பது கணக்கு. ஹிதேயோஷி நாடு முழுவதும் நிலம் அளந்து, எந்த வயல் எத்தனை கோகு விளையும் என்று பதிவு செய்தார். அதன் பிறகு பிரபுவின் அந்தஸ்து கோகுவில், சாமுராயின் சம்பளம் கோகுவில், உழவர் கட்டும் வரி அரிசியில். எடோ காலத்தில் 10,000 கோகு நிலம் உடையவர் தாய்ம்யோ என்னும் பெரும்பிரபு. ஹிதேயோஷி தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது அந்த அளவு.

நெல்லைக் கும்பிட்டவர்களும் செல்வத்தைக் கும்பிட்டவர்களும் அந்தச் சமூகத்தில் இரண்டு கூட்டமாக இருக்க முடியாது. அரிசிதான் வரி, அரிசிதான் சம்பளம், அரிசிதான் சொத்து. சாமுராய் தன் அரிசியை விற்றுக் காசாக்கினான்; அதை வாங்கிய வணிகன் அந்த அரிசியால் பணக்காரனானான். நரியின் வாயில் இருக்கும் சாவி உழவருக்குக் களஞ்சியச் சாவி, வணிகருக்குக் கல்லாச் சாவி, அரசுக்குக் கருவூலச் சாவி. தெய்வம் தொழில் மாறவில்லை. அரிசியே காசாகப் புழங்கியபோது, அரிசி போன இடமெல்லாம் தெய்வமும் போனது.

போன வேகமும் சாதாரணமானதல்ல. ஃபுஷிமியிலிருந்து தெய்வத்தின் அம்சத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டுபோய் எங்கும் எழுந்தருளச் செய்யலாம். பிரபுக்களின் மாளிகை, கடை முற்றம், சந்து முனை எங்கும் இனாரி குடியேறியது. எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், எங்கே திரும்பினாலும் கண்ணில் படுவது மூன்று: இசேயா என்ற பெயர் போட்ட கடை, இனாரி கோயில், நாய் விட்டை என்று ஊரார் கேலி பேசினார்கள். அந்தச் சந்துக் கோயில்களின் கொடிகளில் ‘முதல் தரத்து இனாரிப் பெருந்தெய்வம்’ என்று எழுதியிருக்கும். 827-ல் பேரரசரின் நோய்க்குப் பரிகாரமாகத் தொடங்கிய தரவரிசை, மளிகைக்கடை வாசல் வரை வந்துவிட்டது. மித்சுயி வணிகக் குடும்பத்தின் காவல் தெய்வம் எடோவின் மிமேகுரி இனாரி. அந்தக் குடும்பத்தின் துணிக்கடை வழிவந்த மித்சுகோஷி பேரங்காடியில், தோக்கியோ நிஹோன்பாஷி கட்டடத்தின் மொட்டை மாடியில், மிமேகுரியின் கிளைக் கோயில் இன்றும் இருக்கிறது.

வாயில்களுக்குள்ளே ஒரு நடை

சன்னிதிக்குப் பின்னால் ஏறினால் உலகம் படம் பிடிக்கும் இடம்: வரிசையாக நெருங்கி நிற்கும் செந்நிறத் தோரீ வாயில்கள். மலை முழுவதும் சுமார் 10,000 என்கிறார்கள். வேண்டுதல் நிறைவேற வேண்டியும் நிறைவேறியதற்கு நன்றியாகவும் வாயில் கொடுக்கும் வழக்கம் எடோ காலத்தில் பரவியது. ஏறும்போது வெறும் சிவப்புத்தான் தெரியும். இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கொடுத்தவர் பெயரும் நாளும் கறுப்பில் வரும்: கட்டுமான நிறுவனம், உணவகம், தனி மனிதர். பெரும்பாலும் மரம். ஜப்பானின் மழையில் அடித்தூண் உளுத்துப்போகும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவார்கள். ஆகவே இது ஒரு நாளும் கட்டி முடியாத கட்டடம்.

இன்னும் மேலே போனால் ஓத்சுகா என்னும் கற்கள். பக்தர்கள் தாம் கும்பிடும் தெய்வப் பெயரைச் செதுக்கி வைத்தவை. மலையெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். இவை பெருகிய காலத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆலய அர்ச்சகர் குடும்பத்தில் 1669-ல் பிறந்த காதா நோ அசுமமாரோ, பௌத்தமும் கன்பூசியமும் கலவாத பழைய ஜப்பானைத் தேடிய அறிஞர்களில் முன்னோடி. அவர் வாழ்ந்த வீடு வளாகத்தில் இருக்கிறது. அவர் பின்வந்தோரின் அந்தத் தேடல் 1868-ல் மெய்ஜி அரசின் ஆணையானது: ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரி. இனாரி வளாகத்தில் இருந்த ஐசென்ஜி என்ற ஷிங்கோன் மடம் ஒழிக்கப்பட்டது. குடியேறிய குலம் நிறுவி, இந்திய தேவியைச் சேர்த்துக்கொண்டு, பௌத்தர்களின் உழைப்பால் மீண்டெழுந்த ஆலயம் சுத்தப்படுத்தப்பட்டது. 1871-ல் அரசு ஆலயங்களில் உயர்ந்த வகுப்பும் கிடைத்தது. மக்களோ மலைக்கு மேலே ஏறி, தத்தம் தெய்வத்தைத் தத்தம் பெயரில் கல்லில் நட்டுக்கொண்டார்கள். 1946-ல் அரசுப் பிடி விலகியபோது, ஷிண்டோ ஆலயங்களின் பொதுச் சங்கத்தில் சேராமல் ஃபுஷிமி இனாரி தனியே நின்றது. இன்றும் தனியேதான் இருக்கிறது.

அரிசி எங்கே என்று கேட்பீர்கள். வளாகத்துக்குள்ளேயே, பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கத்தில், ஏறக்குறைய 330 சதுர மீட்டரில் ஒரு வயல் இருக்கிறது. ஏப்ரல் 12-ல் விதைப்பு. ஜூன் 10-ல் ஆலயப் பெண்கள் பாட்டுக்கு ஆட, நடவு. அக்டோபர் 25-ல் அறுவடை. நவம்பர் 8-ல் அந்த நெல்லின் வைக்கோலைக் கொளுத்தி, நாடெங்கிலுமிருந்து வந்த வேண்டுதல் குச்சிகளையும் அந்தத் தீயில் இட்டு, வயலுக்கு வந்த தெய்வத்தை மலைக்கு வழியனுப்புகிறார்கள். நவம்பர் 23-ல் புத்தரிசி சன்னிதியில் ஏறுகிறது. பத்தாயிரம் வாயில்களின் பெருமைக்கு இவ்வளவு சிறிய வயலா என்று தோன்றும். ஆலயத்தின் ஆண்டுக் கணக்கு ஓடுவது இந்த வயலின் நாட்காட்டியில்தான்.

ஆலய வீதிக் கடைகளிலும் நெல்லின் தடம் உண்டு. பொரித்த தோஃபுப் பையில் சோற்றை அடைத்த இனாரி சூஷி எல்லாருக்கும் தெரிந்தது. சிட்டுக்குருவிச் சுடல் பலருக்குத் தெரியாது. கதிரைக் கொத்தும் குருவியைச் சுட்டுத் தின்பது பயிருக்குக் காவல் என்ற எண்ணத்தில் வந்த தின்பண்டம். இப்போது அதை விற்கும் கடைகள் மிகச் சில. காசு கொடுத்து ஒரு குச்சி வாங்குகிறவர், தமக்குத் தெரியாமலே யாரோ ஓர் உழவரின் பகையைத் தீர்த்துவைக்கிறார்.

1873-ல் மெய்ஜி அரசு நிலவரியைக் காசாகக் கட்டச் சொன்னது. நில மதிப்பில் நூற்றுக்கு மூன்று. அத்தோடு கோகு ஆட்சி முடிந்தது. அரிசி மறுபடி வெறும் உணவானது. சாவி மட்டும் நரியின் வாயிலேயே இருந்தது. அதற்குள் அது எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியாகியிருந்தது.

ஆனால் 1873-க்கு முன், அரிசி காசாகப் புழங்கிய உச்ச காலத்தில், காசைவிட வேகமாக ஓடியது அரிசிச் சீட்டு. இன்னும் அறுக்காத நெல்லுக்கு விலை பேசி, கண்ணால் காணாத மூட்டையை மூன்று கை மாற்றிய வணிகர்கள் இருந்தார்கள். 1730-ல் ஷோகுன் ஆட்சியே அந்த வியாபாரத்துக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த அத்தியாயத்தில் ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்குப் போவோம்.

(தொடரும்)